பெரிய மனசு

"ஏன் அண்ணி, திருடறதுக்கு உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? போயும் போயும் அந்த நடிகரோட பிளாக்லயா கை வைக்கணும்?"

எடுத்த எடுப்பிலேயே நாத்தனார் போனில் இப்படித்தான் கேட்டாள்.

இந்தப் பக்கம் அண்ணி ஒரு கையில் போனும் மறு கையில் ரேஸருமாக நின்றாள். எதிரே நாற்காலியில் அப்பா, முகமெல்லாம் சோப்பு நுரையோடு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குக் கை நடுங்கும். சவரம் செய்துவிடுவது மகளான அவள் பொறுப்பு.

"நான் திருடலைம்மா..."

"ஊரே பார்க்குது அண்ணி! அவர் நேத்து காலையில போட்டதை நீங்க சாயங்காலம் வரிக்கு வரி அப்படியே போட்டிருக்கீங்க. என் ஆபீஸ்ல எல்லாரும் 'உங்க அண்ணிதானே?'ன்னு கேக்கறாங்க. நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

பதில் சொல்வதற்குள் நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். 'அப்பாவுக்கு முதல் சவரம்' என்று ஒரு பதிவு. சின்ன வயதில் அப்பா சவரம் செய்வதை வாய் பிளந்து பார்த்த பிள்ளை, இன்று அதே கன்னத்தில் பயந்து பயந்து ரேஸரை வைக்கிறது. அவ்வளவுதான். நேற்றுக் காலை அது ஒரு பிரபல நடிகரின் பிளாக்கில் வந்தது. படித்தவர்களெல்லாம் உருகி வழிந்தார்கள். சாயங்காலம் இவளுடைய பிளாக்கிலும் வந்தது. வழக்கமாக ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடம் அது. இப்போது கூட்டமோ கூட்டம். அத்தனை பேரும் திட்ட வந்தவர்கள்.

'திருடி.'

'வெட்கமா இல்லையா?'

'பெத்த அப்பனைப் பத்தி எழுதக்கூட இரவல் கண்ணீரா?'

அந்தக் கடைசிக் கமெண்ட்தான் அவளைக் கிழித்துப் போட்டது.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்," என்றான் கணவன்.

என்ன உண்மையை? அந்த நடிகரின் பிளாக்கை எழுதுவதே அவள்தான் என்பதையா?

பகலில் பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். மிச்ச நேரத்தில் இந்தத் திரைமறைவு வேலை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது பேச்சு. அப்பாவின் மருந்தும் பிசியோதெரபியும் இதில்தான் ஓடுகின்றன. நேற்று அவசரத்தில், தன் பிளாக் என்று நினைத்து அவருடையதில் ஏற்றிவிட்டாள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆளாக வாழ்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு.

பதறியடித்து அழிக்கப் போனபோது நடிகரே கூப்பிட்டார். "தொடாதே! பிச்சுக்கிட்டுப் போகுது. அப்படியே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று விட்டுத்தான் பார்த்தாள். ஆனால் பெற்ற அப்பாவையே தாரை வார்த்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் தன் பிளாக்கிலும் போட்டுக்கொண்டாள். வினையே அதில்தான் வந்தது.

"போஸ்டர்லதான் அவங்க பேர் பெரிசு, பிளாக்ல எல்லாருக்கும் ஒரே சைஸ் எழுத்துன்னு பெருமையா சொல்லுவியே? இப்ப எழுது. நான்தான் எழுதினேன்னு சொல்லு," கணவன் விடவில்லை.

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலைன்னா பேர் போயிடும்."

"யாருங்க நம்புவாங்க? அவர் 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். திருடிங்கிற பட்டத்தோட பொய்க்காரிங்கிற பட்டமும் சேர்ந்துக்கும்."

 

"சோப்பு காயுதும்மா," என்றார் அப்பா.

மறுபடி நுரை பூசி ரேஸரை வைத்தாள்.  வெட்டிவிடப் போகிறோம் என்று பயந்து எடுத்துவிட்டாள். டாக்டர் பார்த்திருப்பாரா? நாளைக்கு கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பேஷன்ட்டுகள் தன்னைப் பார்த்து என்ன குசுகுசுப்பார்கள்? 

கடைசியில் துணிந்து நடிகருக்கே மெசேஜ் அனுப்பினாள். 'சார், அது என் அப்பா. உங்களுக்கே தெரியும். வேலை விஷயம் எதுவும் வெளியே வர வேண்டாம். நான் திருடலைன்னு மட்டும் ஒரு வரி சொல்லிடுங்க சார். அப்பா பேரைச் சொல்லி வாங்கின திட்டைத் தாங்க முடியலை.'

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. அதிகப்பிரசங்கித்தனம் என்று கோபித்துக்கொண்டால்? வேலையும் போய், பேரும் போய்...

போன் அடித்தது. அவரேதான். கணவன் ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினான்.

"என்னம்மா நீ, இதுக்குப் போய் இப்படிக் கலங்கலாமா? கமெண்ட் எல்லாம் நானும் பார்த்தேன். மனசே சரியில்லை. உடம்பு முடியாத அப்பாவை வெச்சுக்கிட்டு நீ ஏன் பேச்சு வாங்கணும்? இன்னைக்கே என் பிளாக்ல ஒரு பதிவு வந்துடும். அதுக்கப்புறம் உன்னை எவனாவது ஒரு வார்த்தை பேசறானா பாரு!"

 "சார்... நீங்க நல்லா இருக்கணும் சார்."

"இதுல என்னம்மா இருக்கு? பிளாக்னு வந்துட்டா நீயும் நானும் ஒண்ணுதானே."

"பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்," என்று முணுமுணுத்தான் கணவன். காலையிலிருந்து அவளை அழுத்திக்கொண்டிருந்த பாரம் அப்படியே இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதிவுல என்னன்னு சார் வரும்?"

"'அந்தத் தங்கச்சியை யாரும் திட்டாதீங்க. ஏதோ ஆசையில என்னோடதை எடுத்துப் போட்டுட்டாங்க. நான் மனசார மன்னிச்சுட்டேன்'னு வரும்."

கண்ணைத் துடைத்த கையை அவள் மெல்ல இறக்கினாள்.

"சீக்கிரமா எழுதி ஏத்திடும்மா," என்றார் நடிகர். "படிக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும். உனக்குத்தான் அது நல்லா வருமே!"