அப்பா எழுதிய வெப்சைட்

"அக்கா, நம்ம வெப்சைட் இன்னும் பிஎச்பிங்கற அந்தப் பழைய கம்ப்யூட்டர் மொழியிலதான் ஓடுதுன்னு சொன்னா ஊரே சிரிக்குது. டிக்கெட் பக்கம் திறக்கறதுக்குள்ள நம்ம படகு அக்கரைக்கே போயிடுது!" என்றான் வெஸ்லி.

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில் அவர்களுடைய குடும்பப் படகு கம்பெனிக்கு அவன்தான் தலைவர். வெப்சைட் அக்கா லெனோராவின் பொறுப்பு.

"இருபது வருஷமா எந்தப் புயலுக்கும் அது நின்னதில்லடா" என்றாள் லெனோரா.

"வயசாயிடுச்சு அக்கா. போன வருஷத்துலேர்ந்து நொண்டுது."

"மொழி என்ன குதிரையா, திடீர்னு நொண்ட?"

"பாஸ்டன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க புது மொழியில எழுதித் தராங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறேன்."

லெனோரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா எழுதினதுல வெளியாள் கை வைக்க விடமாட்டேன். வியாழன் வரைக்கும் பொறு."

வியாழக்கிழமை காலை வெஸ்லி தன் போனில் வெப்சைட்டைத் திறந்தான். கண் இமைப்பதற்குள் டிக்கெட் பக்கம் வந்து நின்றது.

"அடேங்கப்பா! புது மொழின்னா புது மொழிதான்! கடைசியில நீயும் வழிக்கு வந்துட்டியே அக்கா. எந்த மொழியில எழுதின?"

"பிஎச்பி."

"விளையாடாத!"

"அப்பா எழுதினதுல ஒரு எழுத்துகூட மாத்தல. முதல் பக்கத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்தேன்."

"எதை?"

"போன வருஷம் தலைவரானதும், படகு மேல நின்னு கையாட்டி ஒரு வீடியோ போடச் சொன்னியே, அதை. நீ கையாட்டி முடிச்ச பிறகுதான்டா ஜனங்களுக்கு டிக்கெட்டே கிடைச்சுது!"