கன்றுக்கு வந்த ஊசி

ஊசி கன்றின் கழுத்தில் இறங்கவில்லை. கன்றை அணைத்துப் பிடித்திருந்த அழகுமுத்துவின் புறங்கையில் இறங்கியது.

“கன்று உதறிப்போட்டுது,” என்றாள் மாட்டு டொக்டர் நிஷாந்தினி. கன்றோ வைக்கோலை மென்றபடி சாதுவாக நின்றது.

முகத்துவாரத்து மாட்டுக்கொட்டிலுக்கு அவள் அப்போதுதான் வந்திருந்தாள். ஐஸ் பெட்டியை மூடியபடியே வாசலில் வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்திருந்தாள். கூட வந்த சுகாதாரப் பரிசோதகர் ஹாஷிம் கதவோரம் நின்று, “புரூசெல்லா சீக்கு வந்து கன்டு வயித்துலயே செத்து விழுந்திருக்கா?” என்று கேட்டிருந்தார்.

“நம்ம கொட்டில்லயா? அந்தச் சீக்குப் பேரே எனக்குத் தெரியாதுங்க சேர்,” என்றிருந்தான் அழகுமுத்து.

இப்போது அவன் கையை உதறினான். “ஒன்னும் செய்யாதுல்ல மிஸ்?”

“புரூசெல்லா மருந்து அண்ணை. உயிருள்ள கிருமி. மாட்டுக்குக் காவல், மனுசருக்குள்ள போனா நோய்.” ஊசியை நிதானமாக மூடினாள். “கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு நீங்கள்தானே அபிஷேகப் பால் குடுக்கிறது?”

“ஆமா மிஸ்.”

“நிரோஷா எண்டு ஒருத்தி அதைத் தீர்த்தமாக் குடிச்சவள். காய்ச்சல் வந்து, அஞ்சு மாசத்தில வயித்துப்பிள்ளை போச்சு. என்ர தங்கச்சி.”

அழகுமுத்து புறங்கையை அழுத்திப் பிடித்தான். “வேணும்னே குத்துனீங்களா?”

“கன்று உதறினதெண்டு சொன்னனே.”

“மிஸ், இது மாசக்கணக்கா விடாதே. மூட்டெல்லாம் முடக்கிப் போட்டுருமே.”

“பேரே தெரியாத சீக்கெண்டியள்?”

அவன் அப்படியே சாணத்தில் குந்திவிட்டான். “செவலைக்கு ரெண்டு தடவ கன்னு விழுந்துச்சு. வெளியாள வச்சு ரத்தம் பாத்தேன், இதுதான்னாங்க. அதனாலதான் எங்க வீட்ல சொந்தப் பாலத் தொடுறதில்ல, கடைல பால்மா வாங்கிக் கரைச்சுக் குடிக்கிறோம். என் மக முழுகாம இருக்கா மிஸ். மாத்திரை குடுங்க.”

“தெரிஞ்சும் கோயிலுக்கு ஊத்தினியள்.”

“சாமிக்குப் போற பாலக் காய்ச்சக் கூடாதே. நான் என்ன செய்ய?”

கதவோரத்திலிருந்து ஹாஷிம் உள்ளே வந்தார். அவர் குரல் உயரவே இல்லை. “இன்டையிலிருந்து ஒரு சொட்டுப் பாலும் இந்தக் கதவத் தாண்ட ஏலா. மத்தத வழக்குப் போட்டுக் கோட்டுல கதைப்போம்.”

“பாலு போகட்டும் சேர். என் உசிரு?”

நிஷாந்தினி வாசலுக்குப் போய் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். குளிர்ப்புகை எழுந்தது.

“எழும்பிக் கன்றை நேராப் பிடியுங்கோ அண்ணை. மருந்தை இப்பதான் எடுக்கிறன். உங்களுக்குக் குத்தினது வெறும் தண்ணி.”