மீதித் தூரம்

டொரண்டோவில் ஏறியதிலிருந்து சேந்தன் தூங்கவில்லை. முன்சீட்டுத் திரையில் மீதித் தூரம் குறைவதையே பார்த்துக்கொண்டு வந்தான். தோஹாவில் இறங்கியதும், சென்னை ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த அக்காவைக் கூப்பிட்டான். மச்சான்தான் எடுத்தார்.

“மாப்ள, இன்னும் எவ்ளோ நேரம்?”

“இங்கேருந்து நாலரை மணி நேரம் பறக்கணும். அம்மாவுக்கு எப்படி இருக்கு?”

“மிஷின்லதான் மூச்சு ஓடுது. நீ வந்து முகத்தப் பாத்ததும் எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட பேசியாச்சு. வீட்டு வாசல்ல பந்தல்கூடப் போட்டாச்சு. வாடகைக்குச் சேர் போடுறவன் நீ எப்ப இறங்குவன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.”

விமானம் ஏறும் வாசலுக்கு எதிரே சேந்தன் உட்கார்ந்துகொண்டான். எல்லோரும் ஏறிப் போனார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரைத் தப்பும் தவறுமாக அழைத்தார்கள். அவன் எழவில்லை. கதவை மூடினார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் மெல்லப் பின்வாங்கியது.

போன் அடித்தது. இந்த முறை அக்கா.

“ஏறிட்டியாடா?”

“இல்லக்கா. விட்டுட்டேன்.”

அவளுக்குப் பின்னால் மச்சான் யாரிடமோ மாலை வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் தேயும்வரை அக்கா நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது.

“தம்பி,” என்றாள் மெதுவாக. “அடுத்ததுலயும் ஏறாத.”