பழைய ஆட்கள்

கரண்ட் போன நிமிஷத்தில்தான் பக்கத்து மெஷின்காரியின் முகத்தை முதல் முறையாக நேராகப் பார்த்தேன்.

அதுவரைக்கும் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேய் மாதிரி தைத்தாள். அவளை முந்த முடியாவிட்டாலும் அவளுக்குச் சமமாகவாவது தைத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தேன்.

முதலாளி எலீசெயோ என்னை உள்ளே விடும்போது சொன்னது அப்படி.

"எல்லாரும் பழைய ஆளுங்கம்மா. இவங்களுக்கு ஈடா தெச்சுக் காட்டு, நாளையிலேர்ந்து வேலை. இன்னைக்கு ட்ரையல், கூலி கெடையாது."

கமார்ரா தையல் பேட்டையில் இது வழக்கம்தான். ஒரு மணி நேரம், மிஞ்சினால் மதியம் வரைக்கும் சும்மா தைத்துக் காட்டுவோம். முழு நாளா என்று கேட்க வாயெடுத்தேன். கீழே, ஆள் தேவை என்ற அட்டையைப் படித்தபடி இன்னும் நாலு பெண்கள் நின்றது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். லீமாவில் தையல்காரிக்கா பஞ்சம்?

எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அங்கே மூன்று வருஷமாக ஒரே கூலி. அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. கூலியைக் கூட்டிக் கேட்டால், இஷ்டமில்லையென்றால் போ என்கிறார்கள். இங்கே ஒரு பேண்ட்டுக்கு இருபது செந்திமோ காசு அதிகம். பல் பிடுங்கப் போகிறேன் என்று அங்கே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்த வேலை கிடைக்காமல், அங்கேயும் விஷயம் தெரிந்துபோனால், நடுத்தெருதான்.

தைத்தது பிள்ளைகளின் பள்ளிக்கூட விளையாட்டு பேண்ட். மார்ச்சில் பள்ளி திறக்கிறது. கட்டுக் கட்டாக வந்து விழுந்தது. தலைக்கு மேலே தகரம், அதற்கு மேலே பிப்ரவரி மாதக் கோடை வெயில்.

இது போதாதென்று சூப்பர்வைசர் செலெஸ்தினா. வந்ததும் எங்கள் போன்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி இன்னொருத்தியோடு பேசக் கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தால் கத்தல். பாத்ரூமுக்குப் போனால் கதவைத் தட்டல்.

"ஊசிய ஒடச்ச கழுத எவ? எர்மெலிண்டாவா? கையா அது, ஒலக்கையா?"

எர்மெலிண்டா நான்தான். வேலை கிடைக்கட்டும், அப்புறம் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கறுவினேன்.

இப்போது கரண்ட் இல்லை. ஜன்னல் இல்லாத கூடத்தில் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம். அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றதில் காது அடைத்துப்போயிருந்தது. செலெஸ்தினா ஃபியூஸ் பார்க்க வெளியே ஓடினாள்.

பக்கத்து மெஷின்காரியிடம் குனிந்து கேட்டேன். "ஏன்க்கா, இந்த ஆளு வாராவாரம் ஒழுங்கா கூலி குடுத்துடுவானா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அத நீங்கதானே சொல்லணும்? நானே இன்னைக்கு ட்ரையலுக்கு வந்தவ. பழைய ஆளுன்னு உங்களப் பார்த்துப் பார்த்துத் தெச்சே எனக்குக் கை மரத்துப்போச்சு."

ரகசியமாகத்தான் சொன்னாள். மெஷின் சத்தம் இல்லாததால் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"நானும் ட்ரையல்தான்" என்றது முன் வரிசையில் ஒரு குரல்.

"அடப்பாவி, நானும்!"

எலாஸ்டிக் வைக்கிறவள். அயர்ன் போடுகிறவள். மடித்துக் கட்டுகிறவள். ஒருத்திகூடப் பழைய ஆள் இல்லை.

கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. யார் காலும் பெடலுக்குப் போகவில்லை.

ஒரு வேன் நிறையத் துணியை ஒரு காசு கொடுக்காமல் தைத்து வாங்கிவிட்டான் படுபாவி. சாட்டைகூட அவனுக்குத் தேவைப்படவில்லை. இவளைக் காட்டி என்னை ஓட்டினான், என்னைக் காட்டி இவளை ஓட்டினான். நாளைக்குக் கீழே நின்ற அந்த நாலு பேரையும் மேலே ஏற்றி இதையேதான் சொல்லுவான்.

"ஏன் நிக்குது? தைங்கடி!" என்று செலெஸ்தினா ஓடி வந்தாள்.

நான் எழுந்தேன். "எவளத் தைக்கச் சொல்ற? இங்க இருக்கற அத்தன பேரும் ட்ரையல். ஒருத்திக்கும் கூலி கெடையாது. இது தெரிஞ்சும் காலையிலேர்ந்து மாட்ட ஓட்டற மாதிரி ஓட்டினியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"எல்லாருமா?" என்றாள்.

நல்லாத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

வேனில் ஏற்ற வேண்டிய கட்டுகள் படிக்கட்டு வாசலில் கிடந்தன. போய் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷின்காரி இன்னொன்றின் மேல் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கூலியை வைத்தால்தான் சரக்கு இறங்கும் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

கீழே வேன்காரன் ஹார்ன் அடித்தான்.

எலீசெயோ மூச்சு வாங்க ஏறி வந்தான். கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்த எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். செலெஸ்தினா பக்கம் திரும்பினான்.

"ஒரு நாள் இவங்கள அடக்கி வேல வாங்கத் தெரியல. உன்ன எப்படிம்மா வேலைக்கு எடுக்கறது? நாளைக்கு வேற ஒருத்தி ட்ரையலுக்கு வர்றா. நீ கெளம்பு."

செலெஸ்தினா படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா" என்றாள்.

அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. இருந்தாலும் நகர்ந்து இடம் விட்டேன்.