கழுகின் சுருக்குக் கம்பி

காலை வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கிப் புள்ளிமானின் திறந்த கண்ணில் விழுகிறது. கழுத்தை அறுத்த சுருக்குக் கம்பியில் ஈ மொய்க்கிறது. வேட்டைக்காரர்கள் கட்டும் இந்தக் கம்பிகளை ஞாயிறுதோறும் தேடி எடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். எங்களில் எப்போதும் முதல் கம்பியைக் கண்டுபிடிப்பவர், என் பக்கத்தில் இருக்கும் இந்த அண்ணன்தான். அதனால் கழுகு என்று பட்டப்பெயர். இப்போது கழுகு செத்த மானுக்குப் பக்கத்தில் குத்தவைத்து வேர்த்து வழிகிறார். மற்றவர்கள் வனத்துறை ஜீப்பை அழைத்துவரப் போயிருக்கிறார்கள். எடுத்த கம்பிகளை மூட்டை கட்டி இவர் வீட்டில்தான் போடுவோம். எடுக்க எடுக்கக் கம்பி குறையாததால் எனக்குச் சந்தேகம். போன மாதம் எடுத்த ஒவ்வொரு கம்பியிலும், மூட்டை கட்டும் முன், என் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பொட்டு இந்த மானின் தொண்டையடியில் மின்னுகிறது. இப்போதுதான் அதை அவருக்குக் காட்டினேன்.

"தங்கச்சி, ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. வெளிய சொல்லிடாதம்மா. ஊர்ல தலைகாட்ட முடியாது."

"பிணந்தின்னிக் கழுகுன்னு முழுப் பேரா வச்சிருக்கணும். பாதியில நிறுத்தினது எங்க தப்புண்ணா."

மேட்டில் ஜீப் உறுமுகிறது. நான் பாதையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறேன். அவர் கை மானைத் தடவுவதுபோல் நகர்ந்து கம்பிக்குப் போகிறது. கட்டைவிரல் நகம் பொட்டைச் சுரண்டுகிறது, கரகரவென்று. நான் தடுக்கவில்லை. இடுப்போரம் பிடித்திருந்த போனை மெதுவாக அவர் முகத்துக்கு நேரே உயர்த்துகிறேன்.

"நல்லாச் சுரண்டுங்கண்ணா, அவசரமில்ல. வீடியோ ஓடுது."