செண்பகம் குளிக்கிறாள்

பதினோரு நாளாக இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டையில், மனைவி செண்பகத்தின் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார் கோமதிநாயகம். இனி வைத்தியமில்லை என்றானவர்களுக்கு வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது.

“மாத்தி இருக்க ஒரு ஆளும் இல்லியா ஐயா? நீங்க விழுந்திருவீங்க” என்றாள் நர்ஸ்.

“எங்க குடும்பத்துல ஆளுக்கா பஞ்சம்?”

ஆனால் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மகன் கல்யாணம் முடியும்வரை பெண் வீட்டில் புற்றுநோய் என்ற பேச்சே எழக் கூடாது. பெண்ணின் தாய் போன் செய்யும்போதெல்லாம் செண்பகம் குளித்துக்கொண்டிருந்தாள், அல்லது கோயிலுக்குப் போயிருந்தாள்.

இன்று அந்த அம்மாள் விடவில்லை. “பத்து நாளாவா மதினி குளிக்காவ? இப்பமே குடுங்க அண்ணாச்சி. இல்லன்னா நேர்ல வாரோம்.”

இரண்டு நாளாகப் பேச்சற்றுக் கிடந்தவளின் வாயருகே போனைப் பிடித்தார்.

கண் திறக்காமலே, “அடுப்புல பால் வச்சிருக்கேன் மதினி, பொறவு பேசுதேன்” என்றாள் செண்பகம், பழைய குரலில்.

போனை அணைத்தார். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அடுப்பில் பாலை வைத்தவர்போல, நகராமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.