செக்கடிப்பேட்டைக்கு ஒரு சவாரி

ஒரு நாள் முழுக்க யாருமே பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறாவிட்டால், அந்தப் பேட்டையின் பெயர் நகர வரைபடத்திலிருந்து அழிந்துவிடும். எண் மட்டும்தான் மிஞ்சும். செக்கடிப்பேட்டைக்காரர்களோ "பதினேழு" என்று சொல்லியே பழகிவிட்டார்கள். தையல்கடை ஜெயசீலி மட்டும் தினமும் சந்தைக்கு நடந்து போவாள். திரும்பும்போது ஓட்டுநரில்லா ஆட்டோவில் ஏறி, ஊருக்கே கேட்கிற மாதிரி பெயரைச் சொல்வாள்.

"பதினேழுன்னு சொன்னா வீடு வராமப் போயிருமா?" என்று எதிர்வீட்டு இருளப்பன் ஒருநாள் கேலி செய்தார். அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பித்தப்பை ஆபரேஷன் அவளைப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டது. வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆட்டோவில் ஏறியவள், பெயர் அழிந்து போயிருக்கும் என்ற நினைப்போடு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "செக்கடிப்பேட்டை" என்றாள்.

ஆட்டோ மறுபேச்சில்லாமல் கிளம்பியது.

தெருவில் அவள் இறங்கியபோது, எதிர்வீட்டு வாசலில் இன்னொரு ஆட்டோவிலிருந்து இருளப்பன் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் சந்தைப் பை காலியாகத் தொங்கியது.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னண்ணே, வெறும் பையோட வர்றீங்க? சந்தையில ஒண்ணும் வாங்கலையா?"

"வாங்கவா போனேன்?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "திரும்பி வரத்தானே தங்கச்சி தினமும் போனேன்."